குவாங்சோவில் நான் சொன்ன பொய்

1

மெல்பர்னில் நான் வேலை பார்க்கும் பள்ளி அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. யார் எந்த ஊருக்குப் போய்வந்தாலும் திங்கட்கிழமை காலைத் தேநீரின்போது ஊர் எப்படி, என்ன பார்த்தாய், என்ன சாப்பிட்டாய் என்று விசாரிப்பார்கள். சென்ற ஆண்டு நான் சீனாவிலிருந்து திரும்பியபோதும் ஒருத்தி வழக்கம்போலக் கேட்டுவிட்டு, உடனே நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டாள். "வெயில் சென்னை மாதிரியே இருந்தது" என்று சொல்லிவிட்டு என் மேசைக்குப் போய்விட்டேன்.

அதற்கு மேல் ஒரு வருடமாக யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. போன மாதம் அண்ணனுக்கு முதல் திவசம். சென்னை அபிராமபுரத்து வீட்டில் நடந்ததை நான் இங்கே சமையலறை மேசையில் போனைச் சாய்த்துவைத்துப் பார்த்தேன். பெரும்பாலும் புகையும் யாரோ ஒருவரின் முதுகும்தான் தெரிந்தன. வந்திருந்த சித்தப்பா ஒருவர், "அந்தச் சீனாக்காரன் ஒடம்பக் குடுத்திருந்தா இந்தக் கொற வந்திருக்குமா?" என்று யாரிடமோ சொன்னது தெளிவாகக் கேட்டது. போனை அணைத்துவிட்டேன். மறுநாள்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

2

அண்ணன் பெயர் சங்கரலிங்கம். என்னைவிட ஆறு வயது மூத்தவர். அப்பா சங்கரன்கோவிலிலிருந்து வந்து தியாகராய நகரில் தொடங்கிய கடையைத்தான் அவரும் நடத்தினார். பட்டன், ஜிப், லேஸ், ஜாக்கெட் ஊக்கு என்று தையல்காரர்களுக்கான சாமான்கள். பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் தோற்றதும் அப்பா அவரைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டார். நான் அடையாறில் கல்லூரிக்குப் போனேன். முதல் வாரம் முழுக்க அண்ணன்தான் பஸ்ஸில் கூட வந்து, கல்லூரி வாசலில் விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் கடைக்குத் திரும்புவார். உள்ளே எட்டிக்கூடப் பார்க்கமாட்டார். ஒருநாள் "உள்ள வாயேன் அண்ணே, கேன்டீன் இருக்கு" என்றேன். "எனக்கென்னட்டி வேலை அங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்படிப்பட்டவர் பதினோரு வருடமாக ஆண்டுக்கு இரண்டு முறை தனியாகக் குவாங்சோ போய்ச் சரக்கு எடுத்துவந்தார். எனக்கு அது ஒரு தகவல், அவ்வளவுதான். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பேசுவோம். "சௌக்கியமா கோமு?" என்பார். மழை, முட்டிவலி, அருண் என்ன படிக்கிறான். மூன்று நிமிடத்தில் இருவருக்கும் பேச்சு தீர்ந்துவிடும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பள்ளியில் இருக்கும்போது அண்ணன் மகள் மீனா கூப்பிட்டாள். அப்போது அவளுக்கு இருபது வயது.

"அத்தை, அப்பா ரெண்டு நாளா போன் எடுக்கல. இப்ப யாரோ எடுத்து இங்கிலீஷ்ல பேசினாங்க. அப்பா இல்லன்னு சொல்றாங்க. ரூம்ல இல்லன்னு சொல்றாங்களா, இல்ல..."

அவளால் வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. எண்ணை வாங்கி நான் அழைத்தேன். அறையில் இல்லை என்று அவர்கள் சொல்லவில்லை.

யார் போவது என்ற பேச்சு பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அண்ணன் மனைவியான மதினி எங்கும் போனதில்லை. மீனாவுக்குக் கடவுச்சீட்டே கிடையாது. அதை அவசரமாக எடுத்து, பிறகு விசாவும் வாங்க இரண்டு வாரமாவது ஆகும். என் ஆஸ்திரேலியக் கடவுச்சீட்டுக்கு விசாவே தேவையில்லை. நான் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியபோது அண்ணன் கேட்டது ஒரே கேள்விதான்: "அப்ப நீ நம்மாளு இல்லியா கோமு இனிமே?" விளையாட்டாகத்தான் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. இப்போது குடும்பத்திலேயே உடனே அவரிடம் போகக்கூடியவள், விட்டுப்போன நான் மட்டும்தான்.

என் கணவர் ரவி முட்டி அறுவைச் சிகிச்சை முடிந்து நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். மகன் அருணுக்கு இருபத்தோரு வயது, நகரத்தின் மறுகோடியில் நண்பர்களோடு தனியாக இருக்கிறான். செய்தி அனுப்பினேன். ஒரு மணி நேரம் கழித்து ஆங்கிலத்தில் பதில் வந்தது. 'ரொம்ப வருத்தமாக இருக்கிறது அம்மா. நீங்கள் இருவரும் நெருக்கமா?'

விமானத்தில் ஏறும்வரை அந்தக் கேள்வியைத் திறந்து திறந்து பார்த்தேன். பதில் போடவில்லை.

3

குவாங்சோவில் இறங்கியது புதன்கிழமை பிற்பகல். விமான நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் முகத்தில் அடித்த காற்று மே மாதத்துச் சென்னைக் காற்று. அதே புழுக்கம், கழுத்தில் அதே பிசுபிசுப்பு. ஒரு கணம் ஊருக்கு வந்துவிட்டதாக உடம்பு ஏமாந்தது.

விடுதி முகவரியை ஆங்கிலத்தில் அச்சடித்து எடுத்துப் போயிருந்தேன். டாக்சி ஓட்டுநர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி தலையாட்டினார். அடுத்தவரும் அப்படியே. கடைசியில் தகவல் மேசையில் இருந்த ஒரு பெண் அதைச் சீன எழுத்தில் ஒரு துண்டுத்தாளில் எழுதித் தந்தாள். அடுத்த பதினோரு நாளும் அந்தத் தாளை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டே அலைந்தேன். அது தொலைந்தால் நானும் தொலைந்தேன்.

அங்கே எல்லாரும் எதற்கும் போனைத்தான் நீட்டுகிறார்கள். நான் அந்த ஊர் நோட்டை நீட்டினால் வாங்கிக்கொள்கிறார்கள், ஆனால் சில்லறைக்காகப் பக்கத்துக் கடைக்கு ஓடுகிறார்கள். போனில் பணம் செலுத்தும் செயலியை ஏற்றுவதற்கு அருணை அழைத்தேன்.

"ஸ்க்ரீன்ல என்ன வருது மாம்?"

"சீன எழுத்து வருது."

"ட்ரான்ஸ்லேட் பண்ணு."

"எதை வச்சுடா? இருக்கிறது ஒரு போன்தானே. அதுலதான் உன்கிட்ட பேசிட்டிருக்கேன்."

"இட்ஸ் நாட் ஹார்ட், மாம்." அவன் பெருமூச்சு விட்டது கேட்டது. எட்டு வயதில் வாய்ப்பாடு சொல்லத் திணறியபோது நான் அவனிடம் விட்ட அதே பெருமூச்சு.

மறுநாள் காலை பசி தாங்காமல் ஒரு ரொட்டிக் கடைக்குள் போனேன். நாங்கள் சைவம். முட்டையும் இறைச்சியும் தெரியாத ரொட்டியாகத் தேடி, மேலே தேங்காய்த்துருவலை வறுத்துத் தூவியதுபோல இருந்த ஒன்றை எடுத்தேன். பாதி தின்ற பிறகு ருசி என்னவோ செய்தது. போனைக் காட்டி மொழிபெயர்த்துப் பார்த்தேன். துருவலல்ல, பஞ்சாக்கிய பன்றி இறைச்சி. அண்ணன் பிணவறையில் கிடக்கிறார், நான் தெருவோரத்தில் நின்று இதைத் தின்றுகொண்டிருக்கிறேன். மீதியை எங்கே போடுவது என்றுகூடத் தெரியவில்லை. குப்பைத்தொட்டிகள் நான்கு நிறத்தில் இருந்தன, ஒவ்வொன்றிலும் ஏதோ எழுதியிருந்தது. கையில் வைத்துக்கொண்டே காவல் நிலையத்துக்குப் போனேன்.

4

காவல் நிலையத்தில் ஓர் இளம்பெண் அதிகாரி. மிகவும் மரியாதையாக நடந்துகொண்டாள், வெந்நீர் கொடுத்தாள். விஷயத்தை அவளுடைய போன் வழியாகத் தெரிந்துகொண்டேன். அண்ணன் சனிக்கிழமை அறைக்குப் போயிருக்கிறார். 'தொந்தரவு செய்யாதீர்கள்' அட்டையை அவரே கதவில் மாட்டியிருக்கிறார். திங்கட்கிழமை அறையைக் காலி செய்ய வேண்டிய நேரம் தாண்டியும் வராததால் கதவைத் திறந்திருக்கிறார்கள். மாரடைப்பு. வேறு சந்தேகம் ஏதும் இல்லை. உறவினர் கையெழுத்திட்டால் மேற்கொண்டு ஆகவேண்டியதைப் பார்க்கலாம்.

"நீங்கள் என்ன உறவு?"

"தங்கை."

இரண்டு கடவுச்சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அவருடையதில் சங்கரலிங்கம் செல்லையா. என்னுடையதில் கோமதி ரவிச்சந்திரன். விரலால் இரண்டையும் தொட்டுக் காட்டி, ஏன் குடும்பப் பெயர் வேறாக இருக்கிறது என்றாள்.

செல்லையா எங்கள் அப்பா பெயர், ரவிச்சந்திரன் என் கணவர் பெயர் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் குழம்பினாள். உன் மொழியிலேயே சொல் என்பதுபோல மொழிப் பட்டியலைக் காட்டினாள். அதில் தமிழ் இருந்தது. அந்த ஊரில் அந்த எழுத்தைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. போனுக்கு முன்னால் குனிந்து நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்: "எங்களுக்குக் குடும்பப் பெயரெல்லாம் கிடையாது."

அவள் திரையைப் படித்தாள். என்னைப் பார்த்தாள். என் கையை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனில் ஏதோ பேசினாள். திரையில் தமிழில் வந்தது: 'குடும்பம் இல்லாமல் வாழ்வது மிகவும் கடினம். உங்களுக்காக வருந்துகிறேன்.'

திருத்துவதற்கு வாயெடுத்தேன். முடியவில்லை. அங்கேயே உடைந்து அழுதேன். அண்ணன் இறந்த செய்தி கேட்டதிலிருந்து அப்போதுதான் முதல்முறையாக.

பிறப்புச் சான்றிதழ்கள் இரண்டும், அண்ணனின் திருமணச் சான்றிதழும், மதினியின் ஒப்புதல் கடிதமும் முத்திரைகளோடு வேண்டும் என்றார்கள். சென்னையில் மீனா நோட்டரிக்கும் அலுவலகங்களுக்குமாக ஓடினாள். அவளுக்குத் துணையாகக் கடையின் பாபு ஓடினார். பாபு எங்கள் கடையில் இருபத்தைந்து வருடமாக வேலை பார்ப்பவர். அடையாற்றங்கரையில் இருந்த அவருடைய வீட்டை அரசு அதிகாரிகள் இடித்துவிட்டு நகரத்துக்கு வெளியே எங்கோ அடுக்குமாடியில் குடியேற்றியிருந்தார்கள். தினமும் இரண்டு பஸ் மாறித்தான் தி.நகர் வருவார்.

"அக்கா, நீ ஒண்ணும் கவலப்படாத. பேப்பரு நான் பாத்துக்கினு கீறேன்" என்றார் போனில். "என் வூட்ட இடிச்சப்போ எத்தினி ஆபீஸ் ஏறி எறங்கிகீறேன், எனக்குத் தெரியாதா? நீ துன்னியா மொதல்ல?"

இல்லை என்றேன்.

"லின் அக்காகிட்ட போ. அண்ணாத்தே பட்டன் எடுக்குமே, அந்தக் கடை. கார்டு போட்டோ அனுப்பறேன். அது பாத்துக்கும் உன்ன."

5

லின்னிடம் போவதற்கு முன்பு, வெள்ளிக்கிழமை காலை, என்னைப் பிணவறைக்கு அழைத்துப்போனார்கள்.

இந்தப் பகுதியை எழுதத் துணியத்தான் ஒரு வருடம் ஆனது.

வாசலிலேயே ஓர் அதிகாரி இரண்டு வழிகளையும் விளக்கினார். இங்கேயே தகனம் செய்து அஸ்தியை எடுத்துப் போகலாம். அல்லது உடலைப் பதப்படுத்தி, பெட்டியில் அடைத்து விமானத்தில் அனுப்பலாம். இரண்டாவதற்கு மூன்று வாரம் வரை ஆகும். இந்தியத் தூதரகத்திலும் அதே விவரத்தைத்தான் சொன்னார்கள். எது வேண்டுமோ சொல்லுங்கள், உதவுகிறோம் என்றார்கள். இதை நன்றாகக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன். அவர்கள் யாரும் எதையும் மறுக்கவில்லை.

மதினியிடம் முதல்நாளே பேசியிருந்தேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை. "எத்தன நாளானாலும் ஆவட்டும் கோமதி. இங்க கொண்டாந்துரு. ஒரு தடவ மொகத்தப் பாத்துக்கிடுதேன்" என்றார். சரி மதினி என்றேன்.

துணியை விலக்கினார்கள். ஜூன் மாதத்தில், மூடிய அறையில், ஒன்றரை நாளுக்கு மேல் ஒருக்களித்துக் கிடந்திருக்கிறார். முகத்தின் இடது பாதி கறுத்திருந்தது. உதடு வீங்கி ஒரு பக்கம் இழுத்திருந்தது. எனக்கு அடையாளமே தெரியவில்லை. இவர் இல்லை, வேறு யாரையோ காட்டுகிறார்கள் என்று ஒரு நொடி சந்தோஷம்கூட வந்தது. பிறகு வலது காதைப் பார்த்தேன். சின்ன வயதில் கடை ஷட்டரில் மாட்டிக் கிழிந்து தைத்த காது. இவர்தான் என்று தலையசைத்தேன்.

வெளியே வந்து நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. மதினி வீடியோவில் கூப்பிட்டார். பின்னால் நாலைந்து பேர் குனிந்து எட்டிப் பார்த்தார்கள்.

"பாத்தியா? இருக்காரா? அப்படியே போனக் கொண்டு போயிக் காட்டு."

"உள்ள போன் விடமாட்டேங்கிறாங்க மதினி."

யாரும் அப்படிச் சொல்லவில்லை. போன் என் கையில்தான் உள்ளே வந்திருந்தது.

"சரி, இங்க வரட்டும், பாத்துக்கிடுதேன். என்னைக்கு அனுப்புவாங்களாம்?"

அப்போதுதான் அது என் வாயிலிருந்து வந்தது. யோசித்துச் சொல்லவில்லை. யோசித்திருந்தால் வேறெதாவது சொல்லியிருப்பேனோ என்னவோ.

"உடம்பக் கொண்டு போக விடமாட்டாங்களாம் மதினி. சட்டம் அப்படியாம். அஸ்தி மட்டும்தான் தருவாங்களாம்."

பின்னாலிருந்த சித்தப்பா சத்தம் போட்டார். மீனா போனை வாங்கி, "அத்தை, எம்பசில கேட்டீங்களா? நான் மெயில் போடட்டுமா?" என்றாள்.

"கேட்டுட்டேன்மா. முடியாதுன்னுட்டாங்க."

அதுவும் பொய். ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்று.

மூன்றாம் நாள் மதினியின் ஒப்புதல் கடிதம் வந்தது. என் கணவரின் உடலைச் சீனாவிலேயே தகனம் செய்ய முழுமனதோடு சம்மதிக்கிறேன் என்று ஆங்கிலத்தில் இருந்தது. கீழே வள்ளியம்மை என்று தமிழில், கோணலாக. அந்தக் கையெழுத்தை நான் பொய் சொல்லி வாங்கினேன்.

மதினி அந்த முகத்தைப் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் செய்தேன் என்று என்னிடமே பலமுறை சொல்லிக்கொண்டேன். அது உண்மை. இன்னொன்றும் உண்மை. அந்த ஊரில் இன்னும் மூன்று வாரம், எந்தப் பலகையையும் படிக்கத் தெரியாமல், எதைத் தின்பது என்று தெரியாமல், கையில் துண்டுத்தாளோடு இருக்க என்னால் முடியாது என்று நான் பயந்தேன். எந்த உண்மை என்னைப் பேசவைத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

6

சனிக்கிழமை லின்னைத் தேடிப் போனேன். மெட்ரோவில் பயணச்சீட்டுக்குப் பதிலாகக் கேரம் காய்போல ஒரு பிளாஸ்டிக் வில்லை விழுகிறது. அதை எங்கே செருகுவது என்று தெரியாமல் நான் நிற்க, எனக்குப் பின்னால் வரிசை நின்றது. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தாலும் தெரிந்திருக்காது.

அந்தச் சந்தை எட்டு மாடி. ஒவ்வொரு மாடியிலும் நூற்றுக்கணக்கில் கடைகள், எல்லாவற்றிலும் பட்டனும் லேஸும். ரங்கநாதன் தெருவை நெட்டுக்குத்தாக நிறுத்தியதுபோல இருந்தது. கூட்டம் அதே கூட்டம், ஆனால் "வாங்கக்கா வாங்க" என்ற குரல் மட்டும் இல்லை. பாபு அனுப்பிய அட்டைப் படத்தைக் காட்டிக் காட்டி ஐந்தாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

லின்னுக்கு ஐம்பது வயது இருக்கும். குட்டையான உருவம், கழுத்தில் அளவுநாடா. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள். யாரென்று நான் சொல்லவே இல்லை. என் மூக்கைத் தொட்டுக் காட்டி, பிறகு தன் கையை உயரமாகத் தூக்கி, "அண்ணாச்சி?" என்றாள்.

அதே மூக்கு, உயரமானவர் என்று அர்த்தம். ஆமாம் என்றேன். போனில் எழுதிக் காட்டினேன். அவள் படித்துவிட்டுக் கடையின் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

அவளுக்கு ஏழெட்டுத் தமிழ்ச் சொற்கள் தெரிந்திருந்தன. "கம்மி பண்ணு." "நல்லா இருக்கு." "நாளைக்கு." "வேண்டாம்." எல்லாவற்றிலும் அண்ணனின் திருநெல்வேலி இழுப்பு அப்படியே இருந்தது. அவர் உண்மைப் பெயரை அவள் கேட்டதே இல்லை. பாபு வேலையில் சேர்வதற்கு முன்பிருந்தே கடைக்கு வருகிறவர்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் நாள் அவரும் தன்னை அப்படித்தான் அறிமுகப்படுத்தியிருக்கிறார் போலிருக்கிறது. அவள் அதையே பெயர் என்று நினைத்துப் பதினோரு வருடம் பில் போட்டிருக்கிறாள்.

கடைக்குப் பின்னால் ஒரு மின்னடுப்பு. அதில் கஞ்சி வைத்துத் தந்தாள். பாத்திரத்தைத் தனியாக எடுத்துக் காட்டி, "முட்டை வேண்டாம், கறி வேண்டாம்" என்றாள் தமிழில். அண்ணனுக்கென்று தனிப் பாத்திரம் வைத்திருந்தாள். நான்கு நாளில் முதல்முறையாகப் பயமில்லாமல் சாப்பிட்டேன்.

போனை நடுவில் வைத்துக்கொண்டு அவள் சொன்னதைக் கேட்கக் கேட்க, எனக்குத் தெரியாத ஓர் ஆளைப் பற்றிக் கேட்பதுபோல இருந்தது. அண்ணன் சீனமொழியில் எண்ணுவாராம். ஒரு கையாலேயே ஒன்றிலிருந்து பத்துவரை காட்டுகிற அந்த ஊர் வழக்கம் அவருக்கு அத்துபடியாம். மாலையில் ஆற்றங்கரைப் பூங்காவில் வயதானவர்கள் ஜோடி ஜோடியாக ஆடுவதைப் பார்க்கப் போவாராம். ஒருமுறை அவரையும் இழுத்துவிட, ஆடினாராம். லின் போனில் படம் வைத்திருந்தாள். ஆலமர விழுதுகளுக்கு நடுவே, முழுக்கைச் சட்டையும் விபூதியுமாக, ஒரு சீனக் கிழவிக்கு எதிரே கைகளைத் தூக்கிக்கொண்டு என் அண்ணன். கல்லூரி வாசலைத் தாண்டி உள்ளே வர மறுத்தவர்.

அந்தப் படத்தை அருணுக்கு அனுப்பினேன். 'இது யார், சூப்பராக இருக்கிறாரே' என்று பதில் வந்தது. உன் மாமா என்று எழுதினேன்.

7

தகனத்துக்கு முன்தினம் சித்தப்பா கூப்பிட்டார்.

"பொம்பள முன்ன நிக்கப்படாது கோமதி. அங்க தமிழாளு எவனாது இருப்பான், அவன நிக்கச் சொல்லு."

"எனக்கு இங்க யாரையும் தெரியாது சித்தப்பா."

"அப்ப யாருதான் செய்யுதது?"

"நான்தான்."

அவர் வைத்துவிட்டார்.

அங்கே கொள்ளி கிடையாது, குடம் கிடையாது. ஒரு சின்ன மண்டபத்தில் பத்து நிமிடம் தந்தார்கள். மூடிய பெட்டியின் மீது லின் ஒரு மலர்வளையம் வைத்தாள். அதன் நாடாவில் சீன எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. என்ன என்று கேட்டேன். விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள்: "அன். னா. ச்சீ." மந்திரம் எதுவும் எனக்குத் தெரியாது. சிவபுராணத்தில் முதல் நாலைந்து வரி ஞாபகம் வந்தது, அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். பிறகு பெட்டி உள்ளே போனது.

அஸ்திக் கலசத்தோடு வெளியே வந்தபோது லின் ஒரு கறுப்புக் குடையை விரித்து அதற்கு மேல் பிடித்துக்கொண்டாள். வெயில் படக் கூடாதாம். எனக்கல்ல, கலசத்துக்கு. கார் வரும்வரை தான் வெயிலில் காய்ந்து நின்றாள். அவளுக்கு நன்றி சொல்ல என்னிடம் அவள் மொழியில் ஒரு சொல்கூட இல்லை. அவளே "நாளைக்கு" என்றாள். போய்வா என்பதற்கு அண்ணன் அதைத்தான் சொல்லுவார்போல.

கோலாலம்பூர் வழியாகச் சென்னை வந்தேன். ஊரூர் ஒல்காட் குப்பத்துக் கடற்கரையில் பாபு படகு பேசி வைத்திருந்தார். மீனாதான் அஸ்தியைக் கரைத்தாள். சித்தப்பா கரையிலேயே நின்றுகொண்டார். மதினி என் கையைப் பிடித்தபடி மணலில் உட்கார்ந்திருந்தார்.

"நீ மட்டும்தான் பாத்திருக்க. எப்படி இருந்தாரு?"

"தூங்குற மாதிரி இருந்தாங்க மதினி."

என் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

8

இதை அச்சுக்கு அனுப்பிவிட்டு, மதினி பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ளும்படி விட முடியாது. போன ஞாயிற்றுக்கிழமை, மீனா கடையில் இருக்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டேன். மதினி சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார்.

எப்படித் தொடங்குவதென்று ஒரு வாரம் ஒத்திகை பார்த்திருந்தேன். எல்லாம் மறந்துவிட்டது.

"மதினி, அண்ணனக் கொண்டு வந்திருக்கலாம். விடமாட்டேன்னு யாரும் சொல்லல. நான்தான் பொய் சொன்னேன்."

விசிறி சுற்றும் சத்தம் கேட்டது. தெருவில் யாரோ வண்டியை முடுக்கினார்கள்.

"எதுக்கு?"

சொன்னேன். முகம் இருந்த நிலையை, காதை வைத்து அடையாளம் கண்டதை, ஒன்றையும் குறைக்காமல். நான் பயந்ததையும் சொன்னேன். லைன் போய்விட்டதோ என்று இரண்டு முறை மதினி, மதினி என்றேன். ம் என்றார்.

"என்ன சட்டை போட்டிருந்தாரு?"

எனக்கு ஞாபகம் இருந்தது. "ஊதாக் கோடு போட்டது. முழுக்கை."

"அத நாந்தான் இஸ்திரி போட்டு மேலாக்க வச்சேன். ஊருக்குத் திரும்பி வரையில போட்டுக்கிடுங்கன்னு." பிறகு சொன்னார்: "கறுத்திருந்தா என்ன கோமதி? வீங்கியிருந்தா என்ன? இருபத்தாறு வருஷம் பாத்த மொகம். எனக்குத் தெரியாதா அது யாருன்னு? ஒனக்குத்தான் காதப் பாக்க வேண்டியிருந்துச்சு."

மதினி அதோடு நிறுத்தவில்லை.

"என்னக் கேட்டிருக்கலாம்லா. பாக்கவா வேண்டாமான்னு நான் சொல்லியிருப்பேன்லா."

"தப்புத்தான் மதினி."

"தப்புன்னு இப்ப சொல்லுத. தூங்குற மாதிரி இருந்தாருன்னு அப்ப சொன்ன. ஒரு வருஷமா நான் கண்ண மூடுனா அந்தத் தூங்குத மொகத்தத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன். இனி அதையும் பாக்க முடியாது."

அழுகிறாரா என்று உற்றுக் கேட்டேன். அழவில்லை.

"பத்திரிகைக்கு அனுப்பட்டுமா மதினி? வேண்டாம்னா விட்டுடுறேன்."

"அனுப்பு. சித்தப்பா படிக்கட்டும். அந்த ஊர்க்காரங்களச் சும்மா வைஞ்சிக்கிட்டு இருக்காங்க எல்லாரும்." பிறகு, மிகச் சாதாரணமாக, அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னார்: "ஆனா ஒண்ணு கோமதி. நீ சொல்லுதத நான் மறுபடி நம்பணும்னா கொஞ்ச நாள் ஆகும். அதுவரைக்கும் கூப்பிடாத. நானே கூப்பிடுதேன்."

வைத்துவிட்டார். ரவி என்ன ஆயிற்று என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்ல வந்த வாயை மூடிக்கொண்டு, நடந்ததைச் சொன்னேன்.